பொது உடம்பு

21 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கலுக்கு வந்தவள் இன்னும் பெங்களூருக்குத் திரும்பவில்லை. இந்தப் பருவம் முழுக்கக் களப்பணிதான், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "படிக்கறவ காலேஜில இருக்கணும். வூட்டுல உக்காந்து மொபைல நோண்டறது என்னா படிப்பு?" என்கிறாள். பண்பாட்டுப் பகுப்பாய்வு, ஆய்வு முதுகலை என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். யாராவது கேட்டால், "ஏதோ செத்தவங்க பேனரப் படிக்கறாளாம்" என்று சொல்கிறாள். யோசித்தால் அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் எந்த ஸ்டாப்பில் இறங்கினாலும் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்கும். ஆள் செத்து மேளம் வருவதற்குள் பேனர் வந்துவிடுகிறது. தோற்றம், மறைவு, கும்பிட்ட கை, கீழே வருந்துகிறவர்களின் பெயர்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் பங்காளிச் சண்டை. என்னோடு படிக்கிறவர்கள் சினிமா, ஓவியம், மியூசியம் என்று எடுத்துக்கொண்டபோது நான் இதைச் சொன்னேன். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படத்தைப் பற்றி நீ பேசாதே, அதைப் பேச விடு. நீ அதைக் கேள்வி கேட்டால் அது உன்னைத் திருப்பிக் கேட்கும்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

26 ஜனவரி

இண்டூர் ஸ்டாப்பில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். டீக்கடைப் பெரியவர், "எந்த டிவிம்மா?" என்றார். படிப்புக்காக என்றேன். "செத்தவனப் படிச்சா என்னா உத்தியோகம் குடுப்பாங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

4 பிப்ரவரி

கண்டுபிடித்துவிட்டேன்!

சேர்த்த படங்களையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முகம் வேறு வேறு. உடம்பு ஒன்றேதான். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, மார்புக்கு நேரே கும்பிட்ட கை. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு ஒட்டாமல் தள்ளி நிற்கிறது. இண்டூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தலை. பாலக்கோட்டில் ஒரு மாட்டு வியாபாரி தலை. பென்னாகரத்தில், மீசை முளைத்து நாளாகாத ஒரு பையனின் தலை. எல்லாருக்கும் அதே தோள், அதே விரல்.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமார் அண்ணாவிடம் போய்க் கேட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான், சின்ன வயசிலிருந்து தெரியும். சிரித்துவிட்டார். "பாப்பா, பாதிப் பேரு ஆதார் கார்டுதான் கொண்டாந்து குடுக்கறாங்க. கழுத்துக்கு மேலதான் இருக்குது. கீழ நாங்க என்னா பண்றது? ஒரு ஒடம்பு வெச்சிருக்கோம், தூக்கி வெக்க வேண்டியதுதான். கோட்டு போட்டது ஒண்ணு இருக்குது, வெள்ளச் சட்டை ஒண்ணு. நம்ம சனங்களுக்கு வெள்ளச் சட்டைதான் புடிக்கும்."

பஸ்ஸில் வரும்போது சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஆய்வேட்டுக்கு ஒரு அத்தியாயம் தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது.

12 பிப்ரவரி

ஆன்லைன் கருத்தரங்கு. வராண்டாவில் சிக்னல் இருக்கும் மூலையாகப் பார்த்து உட்கார்ந்து பேசினேன். அந்த உடம்புக்கு 'பொது உடம்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். படங்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டினேன். தலை மாறிக்கொண்டே இருக்கிறது, உடம்பு அசையாமல் நிற்கிறது. ஒருத்தி, "உங்கள் மாவட்டத்திலேயே ரொம்ப உழைக்கிற ஆள் இவர்தான் போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். இன்னொருத்தன் 'ஆவி' என்ற கருத்தாக்கத்தைப் பற்றி நீளமாகப் பேசினான்: இல்லாதவரின் இருப்பு, இருப்பவரின் இல்லாமை என்று. இதையெல்லாம் எங்கள் ஊரில் சொன்னால் முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிடுவார்கள்.

கடைசியில் மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அது யாருடைய உடம்பு, காவியா? அதை நீ கேட்கவே இல்லையே."

உண்மைதான். கேட்கவில்லை.

18 பிப்ரவரி

எப்படியாவது இதை எழுதி முடித்துவிடுகிறேன்.

ரஞ்சித் அண்ணாவிடம் அந்த உடம்பின் ஃபைலைக் கேட்டிருந்தேன். இன்று மத்தியானம் வாட்ஸப்பில் அனுப்பினார். தலை இல்லாமல், பின்னாடி ஒன்றும் இல்லாமல், உடம்பு மட்டும். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மற்றதைப்போல வெள்ளை இல்லை. லேசான நீலம்.

அந்தப் பொத்தானைத் தைத்தது நான்.

2019 டிசம்பர். உள்ளாட்சித் தேர்தல். அப்பா வார்டு மெம்பருக்கு நின்றார். சீப்புச் சின்னம். வழுக்கைத் தலையனுக்குச் சீப்பா என்று ஊரே கிண்டல் செய்தது. பேனருக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பும்போது பொத்தான் தெறித்துவிட்டது. என் பழைய ஸ்கூல் சட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தைத்தேன். கலர் மாறுதே அப்பா என்றதற்கு, "பொத்தானப் பாத்தா ஓட்டுப் போடறாங்க, உடு" என்றார். சுண்டுவிரல் கிணற்றில் மோட்டார் இறக்கும்போது நசுங்கியது. எப்படி இதைப் பார்க்காமல் போனேன்? எத்தனை நாளாக இந்த விரலைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்!

அப்பா.

சிரிச்சேனே. எல்லாருக்கும் போட்டுக் காமிச்சு சிரிச்சேனே அப்பா.

19 பிப்ரவரி

அம்மா, "ஏன் சாமி மூஞ்சி வீங்கியிருக்குது?" என்றாள். சளி என்றேன்.

23 பிப்ரவரி

எழுதாமல் இருந்தால் வெடித்துவிடும் போலிருக்கிறது.

அப்பா போனது 2021 மே 19. கொரோனா இரண்டாவது அலை. ஆஸ்பத்திரிக்குப் போக, தானே நடந்து போய் ஆம்புலன்ஸில் ஏறினார். அப்புறம் எங்களுக்குக் கிடைத்தது, போய்விட்டார் என்று ஒரு போன் கால் மட்டும்தான். மூடிக் கட்டிய பைக்குள் கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது. அன்றைக்கு அதுதான் விதி, யாரையும் குறை சொல்வதற்கில்லை. அம்மாவும் நானும் ரோட்டோரம் நின்று பார்த்தோம். பங்காளி ஒருத்தரும் வரவில்லை. குளிப்பாட்டவில்லை, கோடி போடவில்லை, வாய்க்கரிசி இல்லை. ஊரடங்கில் ஃப்ளெக்ஸ் கடைகளும் மூடியிருந்ததால் ஒரு பேனர்கூட இல்லை. "அதுக்குள்ள அவுருதான் இருந்தாருன்னு யாரு பாத்தா?" என்று அம்மா இன்றுவரைக்கும் கேட்கிறாள். திடீரென்று, கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது கேட்பாள்.

தேர்தல் பேனர் வைக்கோல் போருக்கு மூடுதுணியாகி வெயிலில் நார் நாராகிப் போனது. அப்பாவின் போனும் திரும்பி வரவில்லை. எங்களிடம் இருப்பது கல்யாண போட்டோவும் ஆதார் கார்டும்தான்.

நாங்கள் பார்க்காத உடம்பை மாவட்டமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் தலையோடு.

1 மார்ச்

கடைக்குப் போனேன். ரஞ்சித் அண்ணா பிரிண்டரில் சுருள் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அது எங்க அப்பா."

முதலில் புரியவில்லை. அப்புறம் ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எலெக்சனுக்கு எடுத்தது பாப்பா. அப்பிடி நேரா யாரும் நிக்க மாட்டாங்க. ஒருத்தன் தோளு சாஞ்சிரும், ஒருத்தன் கை எறங்கிரும். உங்கப்பா நிமிந்து நின்னாரு. நல்லா இருந்துச்சுன்னு தலைய மட்டும் எடுத்துட்டு வெச்சிருந்தேன். அப்ப அவுரு உசுரோட இருந்தாரும்மா. சத்தியமா. அப்புறம் அவுரு போனப்ப... இது அவுருதுன்னு எனக்கு ஞாபகமே வரல."

தலையோடு இருந்த படம் எங்கே என்றேன். கொரோனா சமயத்தில் கம்ப்யூட்டர் பழுதாகி எல்லாம் போய்விட்டதாம். பென்டிரைவில் இருந்ததால் இந்த உடம்பு மட்டும் தப்பித்தது. இனிமேல் இதைப் போட வேண்டாம் என்றேன். என் கண் முன்னாலேயே அழித்தார். அழித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நான் அழிச்சிட்டேன் பாப்பா. ஆனா டிசைனருங்க குரூப்புல எப்பவோ போட்டுட்டேன். அரூரு, பாலக்கோடு, காரிமங்கலம், எல்லாக் கடையிலயும் இருக்கும். அத எப்பிடி வாங்கறது?"

எனக்கு அப்பா வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது, யார் கொடுப்பது என்று தெரியவில்லை. எங்கள் அப்பாவின் உடம்பை அவரவர் பேனரிலிருந்து இறக்கி எங்களிடம் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறேனா? ஆமாம். அப்படித்தான் தோன்றுகிறது.

8 மார்ச்

பஸ்ஸில் இப்போது ஜன்னல் சீட்டில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிற்கிறார். கும்பிட்டுக்கொண்டே நிற்கிறார். ஓட்டுக் கேட்ட மாதிரியே. நல்லாம்பட்டி தாண்டும்போது கூட்டத்தில் தலைகளுக்கு நடுவே வெளியே ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. முகம் ஒரு பலசரக்குக் கடைக்காரருடையது. என்னை அறியாமல் கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இங்க எந்தச் சாமிம்மா?" என்று கேட்டாள்.

11 மார்ச்

இன்று வெளியே போகவில்லை.

15 மார்ச்

மேடத்திடம் சொன்னேன். வீடியோவில் அவர் முகம் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்திருந்தது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை.

"நீ இதை எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. தலைப்பையே மாற்றிக்கொள்ளலாம், நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் ஆய்வாளர் புத்தி எங்கே போகும்? மெதுவாக, "எழுதினால்... இது வேறு யாராலும் எழுத முடியாத அத்தியாயம்" என்றார். சொன்னதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

எழுதுவேன். படத்தின் கீழே 'உடல்: மாதையன், என் தந்தை' என்று போடுவேன். எங்காவது ஓரிடத்திலாவது அந்த உடம்பின் பெயர் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வீடு வீடாகக் கேட்கும் வேலை இருக்கிறது. இருப்பதிலேயே புதிய பேனர் வத்தல்மலை அடிவாரத்தில் நிற்கிறது. மல்லையன், மலை விவசாயி. பெயருக்குக் கீழே ஊரும் போட்டிருக்கிறது. முதலில் அங்கே.

29 மார்ச், அமாவாசை

மலைக்குப் போய்விட்டு வந்தேன். போன காரியம் நடக்கவில்லை.

மல்லையன் வீட்டில் அவர் சம்சாரம் சென்னம்மாளும் மகள் கலைச்செல்வியும் இருந்தார்கள். படிப்புக்காகப் பேனர்களைப் பற்றிக் கேட்டு வந்திருக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். பேனரையே சின்னதாக ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம், ஒரு சாமந்திச் சரம். அமாவாசை என்பதால் அவருக்கு இலை போட்டுப் படைத்திருந்தார்கள். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, பக்கத்தில் ஒரு கட்டு பீடி.

அப்பா பீடி குடித்ததே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது.

அவரிடம் ஆதார் போட்டோவைத் தவிர வேறு போட்டோ கிடையாதாம். சென்னம்மாள் சொன்னதை நினைவில் இருக்கும்வரை எழுதிவிடுகிறேன். "எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு வெள்ளச் சட்டை போட்டதில்லம்மா. கல்யாணத்துக்கே மாமன் சட்டைதான். எந்நேரமும் காட்டுல குனிஞ்சே கெடப்பாரு, ஆபீசருங்க முன்னாடி போனாலும் குனிஞ்சிக்குவாரு. இதுல பாரு, எப்பிடி நிமிந்து நிக்கறாரு! போட்டிருந்தா இப்பிடித்தான் இருந்திருப்பாரு."

இது அவருடைய உடம்பு இல்லையே என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தெரியாதா எனக்கு? இத்தினி வருசம் குடும்பம் நடத்துனவ. கை வேற ஆளுதுதான்." ஃபிரேமைத் துணியால் துடைத்தாள். "எந்தப் புண்ணியவான் கையோ. நல்லா உழைச்ச கை. வெரலப் பாரு, அடிபட்டிருக்குது. அவுருக்கும் சேத்துத்தான் கும்புடறேன்."

அழுதுவிட்டேன். "நீ எதுக்கும்மா அழுவற?" என்று கலைச்செல்வி பதறிப் போனாள். எங்கள் அப்பாவும் போய்விட்டார் என்றேன். பொய் இல்லை. இலையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்து எனக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். பேனரை இறக்குங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பஸ் மலை இறங்கும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். யாரோ ஒரு வீட்டில் அப்பாவுக்கு இலை போடுகிறார்கள். நாங்கள் போட்டதில்லை. போனவர் அவர்தானா என்றே தெரியாமல் எப்படி இலை போடுவது என்று அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை.

6 ஏப்ரல்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மல்லையன் வீட்டில் பார்த்ததையும் சொன்னேன். லேப்டாப்பில் படத்தைக் காட்டினேன். தலை இல்லாததைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவாள், அழுவாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

திரும்பி வந்து, "பெருசா எங்க நிக்குது? என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

7 ஏப்ரல்

அதகபாடி ஸ்டாப். பேனர் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. யாரோ ஒரு மேஸ்திரியின் தலை. அம்மா அந்தத் தலையைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் கையைத்தான் பார்த்தாள். விரல் விரலாக. டிராக்டரில் கல் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"அவுருதான்" என்றாள். அவளைக் கூட்டிவந்து நிழற்குடைத் திண்டில் உட்கார வைத்தேன். "அந்தப் பையில யாரு போனாங்களோ எனக்குத் தெரியாது சாமி. இது அவுருதான். இத்தன நாளா இங்க நின்னுக்கிட்டு இருந்திருக்காரு, நான் பஸ்ஸில போயிட்டு வந்துட்டு இருந்திருக்கறேன்."

ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்ததையும் விட்டோம். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அவுரு தலைய வெச்சு ஒண்ணு போட முடியுமா?"

27 ஏப்ரல்

கடைக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன். ரஞ்சித் அண்ணா எழுந்து நின்று, "உக்காருங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அழித்துவிட்ட ஃபைலை நான்தான் கொடுத்தேன்.

கல்யாண போட்டோவை அம்மா வேண்டாம் என்றாள். "தலை நெறைய முடி. இந்தப் பையன நானே மறந்துட்டேன்." ஆதார்தான். அந்தப் போட்டோவில் அப்பா யாரோ அதட்டியதைப்போல முழித்துக்கொண்டிருப்பார். அதை வெட்டி எடுத்து ரஞ்சித் அண்ணா உடம்பின்மேல் கொண்டுவந்து வைத்தார்.

சேரவில்லை.

தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். பெரிசு பண்ணிப் பார்த்தார், சின்னது பண்ணிப் பார்த்தார், கலரை ஏற்றி இறக்கினார். வாத்தியாருக்குச் சேர்ந்தது, மாட்டு வியாபாரிக்குச் சேர்ந்தது, மீசை முளைத்து நாளாகாத பையனுக்குக்கூடச் சேர்ந்தது. அப்பாவுக்குச் சேரவில்லை. யாரோ ஒருத்தரின் தலையை அப்பாவின்மேல் வைத்ததுபோல இருந்தது. இல்லை, அப்பாவின் தலையை யாரோ ஒருத்தரின்மேல் வைத்ததுபோல.

ரஞ்சித் அண்ணா ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, வேலை மும்முரத்தில், "பாடி செட் ஆவலக்கா. வேற பாடி ஒண்ணு இருக்குது, அத வெச்சுப் பாக்கலாமா?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அது சிரிப்புதானா என்று தெரியவில்லை. பிரிண்டர் பாட்டுக்கு யாரோ ஒருத்தரின் காதுகுத்து பேனரைக் கக்கிக்கொண்டிருந்தது.

அம்மாதான் பேசினாள். "ஊரான் தலையெல்லாம் தாங்குன ஒடம்பு. அவுரு தலையத் தாங்காதா? அப்பிடியே வெய்யிப்பா."

கீழே பங்காளிகள் பேரு போடணுமா என்று கேட்டார். "அன்னைக்கு வந்தவங்க பேரு மட்டும் போடு" என்றாள் அம்மா. ராஜாமணி, காவியா. அவ்வளவுதான்.

11 மே

அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். பொத்தான், விரல், வத்தல்மலை இலை எல்லாம் எழுதியிருக்கிறேன். படத்தின் கீழே நினைத்தபடியே போட்டேன்: உடல்: மாதையன், என் தந்தை. 'இந்த ஒரு வரியில் மொத்த ஆய்வேடும் நிற்கிறது' என்று மேடம் எழுதியிருக்கிறார். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் நேற்று அரூர் பக்கமிருந்து ஒரு தோழி ஒரு பேனர் போட்டோ அனுப்பினாள், உனக்கு உதவும் என்று. புதிதாகச் செத்தவர். அதே சட்டை.

19 மே, திங்கள்

நான்காம் ஆண்டு நினைவஞ்சலி. காலையிலேயே பால் சொசைட்டிக்கு எதிரே பேனரைக் கட்டினோம். நேற்றே வீட்டில் அதைச் சுவரில் சாய்த்து வைத்து அம்மா குளிப்பாட்டுவதைப்போல ஈரத் துணியால் துடைத்தாள். இன்று இலை போட்டாள். முதல் தடவை. கேழ்வரகுக் களி, கொள்ளுச் சட்னி, அவருக்குப் பிடித்த முருங்கைக்கீரை. நான்கு வருஷத்து அழுகையையும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் தடுக்கவில்லை.

அப்புறம் பால் ஊற்றக் கேனை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பேனருக்கு முன்னால் முனியப்பன் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் பெரியப்பா மகன். அந்தத் தேர்தலில் அப்பாவைத் தோற்கடித்தவர், சாவுக்கு வராதவர்களில் ஒருவர். பெயர்கள் இருக்கும் இடத்தில் முதலில் மேலும் கீழும் தேடினார். தன் பெயர் இல்லை என்றதும் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் படத்துக்கு வந்தார்.

"ஏம்மா ராஜாமணி, நல்ல போட்டோ ஒண்ணு கெடைக்கலியா? தலை மட்டும்தான் நம்ம மாதையன். ஒடம்பு எல்லாருக்கும் வெக்கற அந்தப் பொது ஒடம்பு. எங்க போனாலும் இதையேதான் ஒட்டி வெக்கறானுங்க, வேற ஒடம்பே இல்லியா இவுனுங்களுக்கு? நம்ம பையனுக்கும் அதையே வெச்சிட்டானுங்களே. பாத்தாலே தெரியுது, ஒட்டவே இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பெரியப்பா, அது யாருதுன்னு—" என்று ஆரம்பித்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஆமாங்க மாமா" என்றாள். "பொது ஒடம்புதான்."

அவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏம்மா அப்படிச் சொன்ன, நம்ம அப்பாவை நம்ம அப்பான்னு சொல்லக்கூட நமக்கு உரிமை இல்லையா என்று கேட்டேன். சொசைட்டி வரிசையில் நிற்கிறவர்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

அம்மா கேனைக் கீழே வைத்தாள். "நம்மளுதுன்னு சொல்லிட்டா அந்த மலைக்காரம்மா வூட்டுல நிக்கறவரு ஒடம்பில்லாமப் போயிருவாரே, சாமி. ஒடம்பில்லாமப் போறது எப்பிடின்னு நமக்குத் தெரியாதா?"

பால் ஊற்றிவிட்டு வந்தோம். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் நாள் இருக்கிறது. மேடத்துக்கு எழுத வேண்டும், படத்தின் கீழே இருக்கும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி.